தாய்மொழி என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?

2017 ஆகஸ்டில் ஜெனீவாவுக்கு வந்து இறங்கிய மூன்றாம் நாள், பள்ளி கொடுத்த சேர்க்கைப் படிவத்தை அடுப்படி மேடையில் வைத்து நிரப்பிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு மேசை இன்னும் வந்து சேரவில்லை. பெயர், பிறந்த தேதி, தடுப்பூசி விவரம், அதன் கீழே 'மாணவரின் தாய்மொழி' என்று ஒரு கட்டம். மகளுக்கு அப்போது 13 வயது, மகனுக்கு 10. இருவருக்கும் 'தமிழ்' என்று எழுதினேன். படிவத்திலேயே யாரிடமும் கேட்காமல் நான் நிரப்பிய ஒரே கட்டம் அது. பின்னால் எங்களை அதிகம் அலைக்கழித்ததும் அந்தக் கட்டம்தான்.

அந்தப் பள்ளியில் பிள்ளைகள் கடைசியாகப் போய்ச் சேரும் இடம் ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலோரியட்) டிப்ளோமா. 1968-இல் இதே ஜெனீவாவில் தொடங்கிய படிப்பு அது. பள்ளியின் கடைசி இரண்டு ஆண்டுகளுக்கு ஆறு பாடங்கள். ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 7 மதிப்பெண். ஆறில் இரண்டு இடம் மொழிக்கு. முதல் இடத்தில் 'ஏ' மொழி, அதாவது இலக்கியம் படித்து அலசும் அளவுக்குக் கைவந்த மொழி. இரண்டாவது இடத்தில் கற்றுக்கொள்ளும் மொழி. அதிலும் இரண்டு வாசல்கள்: ஏற்கெனவே சில ஆண்டுகள் படித்தவர்களுக்கு 'பி', ஒன்றுமே தெரியாதவர்களுக்கு 'அப் இனிஷியோ'. லத்தீனில் அதற்கு 'தொடக்கத்திலிருந்து' என்று பொருள். 'பி' மொழியை உயர்நிலையிலும் எடுக்கலாம், சாதாரண நிலையிலும் எடுக்கலாம். அப் இனிஷியோ சாதாரண நிலையில் மட்டும்தான். சொன்னால் இவ்வளவுதான். ஆனால் இதில் நாங்கள் ஒரு முறை சறுக்கினோம், ஒரு முறை தப்பித்தோம்.

மகள் கதை முதலில். சென்னையில் இந்தி படித்துக்கொண்டிருந்தவள் இங்கே வந்து பிரெஞ்சின் முதல் கட்டத்தில் உட்கார்ந்தாள். டிப்ளோமாவுக்கு முந்தைய வகுப்புகளில் மொழித் திறனை ஆறு கட்டங்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். வயதைப் பார்க்காமல் திறனைப் பார்த்துத்தான் உட்கார வைப்பார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போல ரொட்டி, பூனை, குடை என்று எழுதிக்கொண்டிருந்தவள் மூன்று ஆண்டில் மூன்றாம் கட்டத்துக்கு வந்துவிட்டாள். பெரும்பாலும் வகுப்புக்கு வெளியே, ஹேண்ட்பால் குழுவில் சேர்ந்த பிறகு வந்த பிரெஞ்சு அது.

2020 வசந்தத்தில் பாடம் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒருங்கிணைப்பாளர் தெளிவாகச் சொன்னார்: மூன்றாம் கட்டத்தில் இருப்பவளுக்குப் பிரெஞ்சு பி, சாதாரண நிலை சரியாக இருக்கும். அவர் சொன்னதை நாங்கள் கேட்கவில்லை. பள்ளி வாசலில் காத்திருக்கும் பெற்றோர் கூட்டத்தில் ஒரு பேச்சு உலவிக்கொண்டிருந்தது: ஸ்பானிஷ் அப் இனிஷியோ என்றால் ஏழு நிச்சயம், பிரெஞ்சு பி என்றால் ஐந்தைத் தாண்டாது. இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றையும் உயர்நிலையில் எடுக்கிறவளுக்கு மொழியில் எதற்குச் சுமை என்று என் கணவர் கணக்குப் போட்டார். நானும் தலையாட்டினேன். மகளும் சம்மதித்தாள். இன்னொரு மொழியைப் புதிதாகத் தொடங்கும் ஆசை அவளுக்கும் கொஞ்சம் இருந்தது.

செப்டம்பரில் வகுப்பு தொடங்கியது. எல்லோரும் முகக்கவசம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆண்டு அது. உதட்டசைவே தெரியாமல் ஒரு புது மொழியைக் கற்பது என்றால் என்னவென்று எண்ணிப் பாருங்கள். அது ஒரு பக்கம். வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் வீட்டில் போர்த்துகீசியமோ இத்தாலியமோ பேசினார்கள். ஜெனீவாவில் போர்த்துகீசியக் குடும்பங்கள் ஏராளம். அவர்களுக்கு ஸ்பானிஷ் தெரியாது என்பது உண்மைதான். மலையாளம் தெரியாது என்று ஒரு நாகர்கோவில்காரர் சொல்வதில் எவ்வளவு உண்மையோ அவ்வளவு உண்மை. ஆசிரியர் வகுப்பின் வேகத்துக்கு ஓடினார். அப் இனிஷியோவுக்கு ஒதுக்கிய நேரம் 150 மணி. 'ஓலா' என்று தொடங்கி, இரண்டு ஆண்டு முடிவில் கடிதம், நாட்குறிப்பு, சிறு கட்டுரை எழுதவும், படம் பார்த்துப் பேசவும் வேண்டும். ஐந்தாவது வாரத்தில் இறந்தகாலம் வந்துவிட்டது. மகள் இயற்பியலைவிட ஸ்பானிஷுக்கு அதிக நேரம் செலவழித்தாள். பிரெஞ்சு வேறு நடுவே வந்து கலந்தது; ஒரு சொல்லின் பாதி இங்கிருந்தும் பாதி அங்கிருந்தும் வந்து விழும்.

எட்டாவது வாரம் அவளாகவே ஒருங்கிணைப்பாளரிடம் போய்ப் பேசிவிட்டு வந்து எங்களிடம் சொன்னாள். "அம்மா, நான் பிரெஞ்சுக்கு மாறிவிட்டேன். கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுங்கள்." பாடம் மாற்றும் கெடு முடிய நான்கு நாள் மிச்சம் இருந்தது. அப்படி ஒரு கெடு இருப்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரியும்.

எளிது என்று ஒரு பாடத்தைச் சொல்லும்போது யாருக்கு எளிது என்று கேட்டிருக்க வேண்டும். வாசலில் அதைச் சொன்ன பெண்மணியின் வீட்டு மொழி இத்தாலியம் என்பது பிறகு எனக்கு நினைவுக்கு வந்தது. இன்னொன்றையும் நாங்கள் யோசிக்கவில்லை. இந்த ஊரில் பிரெஞ்சு பாடம் வகுப்பில் முடிந்துவிடுவதில்லை. டிராமில், மருந்துக்கடையில், குழுவின் உடைமாற்றும் அறையில் இலவசமாக நடந்துகொண்டே இருக்கிறது. அதை விட்டுவிட்டு, தெருவில் கேட்காத மொழிக்குக் காசும் நேரமும் கொடுக்கப் போனோம். இப்போது அவள் லொசானில் பொறியியல் படிக்கிறாள். அங்கே இளநிலைப் படிப்பு பெரும்பாலும் பிரெஞ்சில்தான். அந்த நான்கு நாளும் கடந்து போயிருந்தால் என்ன செய்திருப்போம் என்று கணவரும் நானும் இன்றுவரை பேசிக்கொண்டதில்லை.

எனக்குப் பிரெஞ்சு வந்த கதை தனி. ரொட்டிக்கடைக்காரி எழுபதுக்கு 'செப்தாந்த்' என்பார், தொண்ணூறுக்கு 'நொனாந்த்' என்பார். பிரான்சிலிருந்து வந்த மகளின் ஆசிரியையோ எழுபதை 'அறுபது பத்து' என்றும், தொண்ணூறை 'நான்கு இருபது பத்து' என்றும் சொல்லிக் கொடுத்தார். சில்லறை எண்ணும்போது எனக்குக் கண்ணீரே வந்துவிடும். இது என்ன கூத்து என்று மகளிடம் அங்கலாய்த்தேன். அவள் கேட்டாள்: "தொண்ணூறில் எதற்கு அம்மா நூறு வந்தது?" அதற்கு மேல் நான் பிரெஞ்சுக்காரர்களைக் குறை சொல்வதில்லை.

இனி மகன் கதை. இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பத்து வயதில் வந்ததால் அவனுக்குப் பிரெஞ்சு சட்டென்று ஒட்டிக்கொண்டது. பதினான்கு வயதில் ஐந்தாம் கட்டத்தில் இருந்தான். ஆங்கிலம் பள்ளியின் மொழி. ஆகவே ஆங்கிலம் ஏ, பிரெஞ்சு பி உயர்நிலை என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதியிருக்கலாம். 2021-இல் நடந்த ஒரு பெற்றோர் கூட்டத்தில்தான் ஒரு விஷயம் காதில் விழுந்தது. பள்ளியில் ஆசிரியர் இல்லாத தாய்மொழியிலும் ஒரு பிள்ளை 'ஏ' இலக்கியம் படிக்கலாம். பள்ளி மேற்பார்வை பார்க்கும், பிள்ளை தானாகப் படிக்க வேண்டும், சாதாரண நிலை மட்டும். இரண்டு 'ஏ' மொழிகளை எடுத்து இரண்டிலும் குறைந்தது 3 வாங்கித் தேறினால் இருமொழி டிப்ளோமா கிடைக்கும். நான் கை தூக்கினேன். மகனைக் கேட்காமலே கை தூக்கினேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஒருங்கிணைப்பாளர் மறுவாரம் அவனைக் கூப்பிட்டு ஒரு வெள்ளைத்தாள் கொடுத்து, பிடித்த எதைப் பற்றியாவது தமிழில் ஒரு பக்கம் எழுதச் சொன்னார். நேரம் ஒரு மணி. அவருக்குத் தமிழ் தெரியாது; தாளை எங்களிடம் கொடுத்து நீங்களே பாருங்கள் என்றார். பதினொரு வரி இருந்தது. 'ற'வும் 'ர'வும் இடம் மாறியிருந்தன. 'ழ' எங்குமே இல்லை. அவன் எழுதியிருந்ததெல்லாம் பேச்சுத் தமிழ், வாயில் வருவதை அப்படியே எழுத்தில் கொட்டியது. திருநெல்வேலியில் இருக்கும் ஆச்சியோடு தொலைபேசியில் ஒரு மணி நேரம் அரட்டை அடிப்பவன். அவன் தமிழ் நன்றாக இருக்கிறது என்று ஊரே சொல்லும். ஆனால் 'செல்கிறேன்' என்ற சொல்லை அவன் வாழ்நாளில் ஒரு முறைகூடச் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவை எங்கே வந்தது?

இது தமிழ்ப் பெற்றோர் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டிய இடம். வீட்டில் பிரெஞ்சு பேசும் பிள்ளைக்கு வீட்டு மொழிக்கும் புத்தக மொழிக்கும் நடுவே ஒரு படி என்றால், தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு மாடி. வினைமுற்று மாறுகிறது, வேற்றுமை உருபு மாறுகிறது, அன்றாடச் சொற்களே மாறுகின்றன. நாம் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு ஆண்டு ஏறிய மாடியை, வீட்டில் பேசுவதை மட்டும் வைத்து அவன் ஏறிவிடுவான் என்று நினைத்திருந்தேன். 'தாய்மொழி' கட்டத்தில் நான் எழுதியது பொய் இல்லை. ஆனால் அந்த ஒற்றைச் சொல் அவன் பேசுவதைச் சொன்னதே தவிர, படிப்பதைப் பற்றியும் எழுதுவதைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை.

அன்று மாலை வீட்டில் பெரிய வாக்குவாதம். "தமிழை வீட்டில் பேசினால் போதாதா? எதற்குப் பரீட்சைக்குக் கொண்டுபோகிறாய்?" என்று கணவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஏனென்றால் பாடக் கணக்கு இடித்தது. ஆங்கிலமும் தமிழும் இரண்டு மொழி இடங்களையும் எடுத்துக்கொண்டால், பிரெஞ்சை ஆறாவது பாடமாகத்தான் வைக்க முடியும். ஆறாவது இடத்தில்தான் மற்றப் பிள்ளைகள் இரண்டாவது அறிவியலையோ கலையையோ எடுப்பார்கள். இயற்பியலும் வேதியியலும் சேர்த்துக் கேட்கிற படிப்புகள் அதோடு கைவிட்டுப் போகும். மகளுக்கு இந்த ஏற்பாடு நடந்தே இருக்காது. மகன் வரலாறு, சட்டம் என்று பேசுகிறவன் என்பதால்தான் பேசிப் பார்க்கவே முடிந்தது. மூன்று மாதம் கழித்து அவனே முடிவு செய்தான். காரணம் கேட்டபோது, "ஆச்சி எழுதும் கடிதத்தை நீங்கள்தான் படித்துக் காட்டுகிறீர்கள்" என்றான். வேறு காரணமும் இருந்திருக்கும்; பதினான்கு வயதுப் பையன் அம்மாவிடம் அவ்வளவுதான் சொல்வான்.

இரண்டு ஆண்டு முன்கூட்டியே தொடங்கியதுதான் எங்களைக் காப்பாற்றியது. ஜெனீவாவில் ஈழத் தமிழர்கள் நடத்தும் வார இறுதித் தமிழ் வகுப்பில் சேர்த்தோம். தன்னைவிட நான்கு வயது சிறிய பிள்ளைகளோடு உட்கார்ந்தான்; முதல் மாதம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனான். அங்கே ரொட்டிக்கடை 'வெதுப்பகம்' ஆயிற்று, பேசுவது 'கதைப்பது' ஆயிற்று. "ஆச்சி, நான் டீச்சரோடு கதைத்தேன்" என்றதும், "யாருக்குடா கதை சொன்னாய்?" என்று ஆச்சி கேட்டார். அந்த வகுப்பில் ஆசிரியைகள் சம்பளம் வாங்காமல் சனிக்கிழமைகளைக் கொடுத்தார்கள். இலக்கணத்தில் அவர்களிடம் இருந்த கண்டிப்பு எங்கள் ஊர்ப் பள்ளிகளில் எனக்கே கிடைத்ததில்லை.

ஒன்பது படைப்புகள் படிக்க வேண்டும். குறைந்தது நான்கு தமிழிலேயே எழுதப்பட்டவை, குறைந்தது மூன்று வேறு மொழியிலிருந்து மொழிபெயர்ப்பில் படிப்பவை, மீதி இரண்டு நம் விருப்பம். எழுத்தாளர்களுக்கு ஐபியின் பட்டியல் உண்டு. கவிதை, நாவல், நாடகம் என்று வகையிலும், காலத்திலும், நாட்டிலும் பரவியிருக்க வேண்டும் என்று விதி. ஆகவே வீட்டில் இருக்கும் ஒன்பது புத்தகத்தை எடுத்து நீட்டிவிட முடியாது. மொழிபெயர்ப்புகளைத் தமிழிலேயே படிக்கட்டும் என்று முடிவு செய்ததில் எனக்கு இன்றும் மகிழ்ச்சி. மாமனாரின் அலமாரியில் ஒரு காலத்தில் மாஸ்கோவில் அச்சாகி வந்த ரஷ்யக் கதைகள் கிடந்தன. கெட்டி அட்டை, மஞ்சளேறிய தாள். மற்றவற்றை ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போயிருந்த தங்கையிடம் சொல்லி வாங்கினோம். ஊரிலிருந்து வந்த பெட்டியில் அந்த முறை ஊறுகாய்க்கு இடம் இல்லை.

பள்ளியில் அவனுக்கு மேற்பார்வையாளராக வந்தவர் ஆங்கில இலக்கிய ஆசிரியர். தேர்வின் அமைப்பைச் சொல்லிக் கொடுத்தார், அட்டவணை போட்டுக் கொடுத்தார், கெடு தவறினால் திட்டினார். உள்ளடக்கத்துக்கு வேறு ஆள் தேட வேண்டியிருந்தது. தென்காசியில் ஓய்வு பெற்ற ஒரு தமிழாசிரியர் வாரம் ஒரு முறை காணொளியில் பாடம் எடுத்தார். கோடையில் மூன்றரை மணி நேரம், குளிர்காலத்தில் நான்கரை மணி நேரம் என்று நேர வித்தியாசம் மாறும். அக்டோபர் கடைசி வாரத்தில் ஆண்டுதோறும் ஒரு வகுப்பு தவறிப்போகும். ஐயா முதல் மூன்று மாதம் நலம் பாராட்டலிலேயே நின்றார். பாட்டின் பொருளைச் சொல்லி, அதன் சிறப்பைச் சொல்லி, அடுத்த பாட்டுக்குப் போவார். ஐபி கேட்பது அது இல்லை. இந்த வரியில் எழுத்தாளர் என்ன உத்தியைக் கையாள்கிறார், அது வாசகரிடம் என்ன செய்கிறது என்று கேட்கிறது. மேற்பார்வையாளரின் குறிப்புகளை நான் தமிழாக்கி ஐயாவுக்கு அனுப்பினேன். அவரும் விட்டுக்கொடுக்காமல், சங்கப் பாடல்களில் பொருளை மறைத்துச் சொல்லும் உள்ளுறை, இறைச்சி என்ற உத்திகளை எடுத்துப் போட்டு, நீங்கள் கேட்பது இரண்டாயிரம் ஆண்டாக எங்களிடம் இருக்கிறதே என்றார். அதற்குப் பிறகு வகுப்பு சூடு பிடித்தது.

மகனுக்கு இன்னொரு தடை. உருவகம், தொனி, கதைசொல்லி, முரண்நகை, படிமம் போன்ற சொற்கள் எல்லாம் அவனுக்கு ஆங்கிலத்தில்தான் தெரியும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் இரண்டு பத்தி போட்டு, வகுப்பில் ஒரு சொல் வந்ததும் பக்கத்தில் தமிழ்ச் சொல்லை எழுதினான். இரண்டாம் ஆண்டு முடிவில் அதில் முந்நூறு சொற்கள் சேர்ந்திருந்தன. இதைச் செய்யாமல் தேர்வுக்குப் போன ஒரு பிள்ளை 'மெட்டஃபர்' என்று தமிழ் எழுத்தில் எழுதிவிட்டு வந்ததாகக் கேள்விப்பட்டேன்.

கையெழுத்தைப் பற்றி யாருமே எங்களுக்குச் சொல்லவில்லை. கைபேசியில் ஆங்கில எழுத்தைத் தட்டினால் தமிழ் வந்து விழுகிற காலத்தில் வளர்ந்தவன். தேர்விலோ பேனாதான். முதல் தாளுக்கு ஒன்றேகால் மணி நேரம், இரு படைப்புகளை ஒப்பிடும் இரண்டாம் தாளுக்கு ஒன்றேமுக்கால் மணி நேரம். முதல் மாதிரித் தேர்வில் ஒன்றேமுக்கால் மணியில் ஒரு பக்கம்கூட நிரம்பவில்லை. எழுத யோசனை இருந்தது, கை ஓடவில்லை. அடுத்த எட்டு மாதம் தினமும் பத்து நிமிடம் எதையாவது பார்த்து எழுதினான். கிரிக்கெட் செய்தியைத்தான் பெரும்பாலும். அயல்நாட்டில் தமிழ்ப் பாடம் எடுக்கும் பிள்ளைக்கு ஒரே ஒரு யோசனை சொல் என்று என்னைக் கேட்டால், இலக்கியத்துக்கு முன்னால் பேனாவைக் கொடுங்கள் என்பேன்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உயர்நிலைப் பாடங்களாக அவன் முதலில் நினைத்தது ஆங்கிலம், வரலாறு, பிரெஞ்சு. சுவிஸ் பல்கலைக்கழகங்களின் விதியைத் தற்செயலாகத்தான் பார்த்தோம்: மூன்று உயர்நிலைப் பாடங்களில் ஒன்றாவது கணிதமாகவோ இயற்கை அறிவியலாகவோ இருக்க வேண்டும், ஆறு பாடங்களில் 42-க்கு 32 வேண்டும், ஆறு பாடங்களுக்கு வெளியே கிடைக்கும் மேல்மதிப்பெண்கள் கணக்கில் வராது. ஆங்கிலம் சாதாரண நிலைக்கு இறங்கியது, உயிரியல் மேலே ஏறியது. அவன் ஒரு வாரம் பேசவில்லை. மொழியைத் தேர்ந்தெடுக்கும்போதே மற்ற நான்கு பாடங்களையும் ஒரே தாளில் எழுதி வைத்துப் பார்க்க வேண்டும். போக நினைக்கும் நாட்டின் அங்கீகார விதியையும் அதே தாளில் எழுதிவிட வேண்டும். விதிகள் நாட்டுக்கு நாடு மாறும், ஆண்டுக்கு ஆண்டும் மாறும். பள்ளியின் கையேட்டை நம்பாமல் பல்கலைக்கழகத்தின் பக்கத்திலேயே பாருங்கள்.

2025 ஜூலையில் முடிவு வந்தது. பிரெஞ்சில் 6, தமிழில் 5. 'தாய்மொழி'யில் ஒன்று குறைவு. ஆச்சிக்கு அதில் வருத்தமே இல்லை. அவருக்கு மருமகள் வாசித்துக் காட்டாமல் கடிதப் போக்குவரத்து நடக்கிறது. நான் வெளியே தள்ளப்பட்டுவிட்டேன், அவ்வளவுதான்.

போன மாதம் வியன்னாவுக்கு மாற்றலாகிப் போகும் என் தம்பி அழைத்தான். அவன் மகளுக்கு 14 வயது. சேர்க்கைப் படிவத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தான். 'தாய்மொழி' கட்டத்தில் அழகாகத் தமிழ் என்று எழுதியிருந்தது.

"அக்கா, இதில் ஒன்றும் சிக்கல் இல்லையே?"

"அவள் கடைசியாகத் தமிழில் ஒரு முழுக் கதை படித்தது எப்போது?"

"சினிமாச் சுவரொட்டி படிப்பாள்."

எழுதியதை அடிக்க வேண்டாம் என்றேன். பக்கத்தில் சின்னதாக, பேசுவாள், கொஞ்சம் படிப்பாள், எழுதிப் பழக்கமில்லை என்று சேர்க்கச் சொன்னேன். பிறகு பள்ளியில் கேட்க வேண்டியவற்றை எழுதிக்கொள்ளச் சொன்னேன். கையேட்டில் இருக்கும் மொழிகளில் போன ஆண்டு உண்மையில் வகுப்பு நடந்தவை எவை. எத்தனை பேர் சேர்ந்தால் வகுப்பு திறப்பார்கள். ஜெர்மன் பி உயர்நிலையும் அவளுக்குப் பிடித்த வேதியியலும் கால அட்டவணையில் ஒரே மணிக்கு வருகின்றனவா. தானே படிக்கும் தமிழுக்குப் பள்ளி எப்போது விண்ணப்பிக்க வேண்டும், அதற்கு மேற்பார்வையாளர் யார். பாடம் மாற்றக் கடைசி நாள் எது.

"கடைசி நாளை மட்டும் இப்போதே காலண்டரில் குறித்துவிடு" என்றேன். குறித்துவிட்டானா என்று நாளை கேட்க வேண்டும்.